கோடியக்கரைக்கு நீ அவளோடு போனாய்

நேற்று மார்க்கெட்டில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தது. வெறும் கருவாட்டு வாசனை என்றால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டியிருப்பேன். இதில் ஈரச் சேறும் உப்பும் காய்ந்த பாசியும் கலந்திருந்தன. எந்த ஊர்ச் சரக்கு என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"வேதாரண்யம் பக்கந்தான் டீச்சர். செத்த முன்னாடிதான் கூடையைப் பிரிச்சேன். நெத்திலி போடவா, வாளை போடவா?"

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். வாங்கவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் நிற்கிற என்னை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கு எப்படித் தெரியும், எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது என்று. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. செத்துப்போனவள் மேல் பொறாமைப்பட முடியுமா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு, நான் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும். நாம் இரண்டு பேரும் ஒரே ஜூன் மாதத்தில் அந்தப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தோம். நான் கணக்கு, நீ வரலாறு. நான் திண்டுக்கல் டவுனிலேயே பிறந்து, மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். நீ சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பண்ணுகிற வீட்டுப் பெண். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்று ஜெயித்து, என் தெருவிலேயே ஒரு போர்ஷன் பிடித்துக் குடிவந்தாய். முதல் வாரமே நமக்குச் சண்டை. எதற்கு என்று இப்போது ஞாபகமில்லை. சாக்பீஸ் டப்பாவுக்காக இருக்கலாம். அதற்குப் பிறகு நாம் சண்டை போடாத வாரம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. மணியடித்தும் வகுப்பை விடாமல் என் பீரியடில் பாதியை நீ தின்பாய். நான் கதவருகே நின்று தொண்டையைச் செருமுவேன். என் மீன்குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவது தப்பு என்பாய், மீனையே தொடாத நீ. "ஒனக்கு என்னடி தெரியும் மீனப் பத்தி?" என்றால், "மோந்து பாத்தாலே தெரியுதே" என்பாய். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவார்.

அந்த வயதில் எனக்கு உன் மேல் இருந்தது சின்னப் பொறாமைதான். எனக்குப் பிள்ளைகள், மாமியார், அடுப்பு. உனக்கு ஒரு சாவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதை நினைத்துக்கொண்டே நான் பாத்திரம் கழுவுவேன். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஏனென்றால் தூங்கி எழுந்ததும் நீ வருவது என் வீட்டுக்குத்தான்.

பிறகு ஸ்டெல்லா வந்தாள்.

அறிவியல் டீச்சர், சின்னப்பெண், வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். வந்த மாதம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் குளிக்க ஒரு வாளித் தண்ணீர்தான் தருகிறார்களாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறையும் வெயிலுமாக இருக்கிறதாம். ராத்திரி அலைச்சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லையாம். பாவமாக இருந்தது. நான்தான் அவளைக் கையைப் பிடித்து உன்னிடம் கூட்டி வந்தேன். "ஒத்தையில கெடக்குது புள்ள. கொஞ்சம் பாத்துக்கோடி" என்றேன். என் வாயால் நானே சொன்னேன். இதை நான் எத்தனை தடவை நினைத்து நினைத்து என் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன், தெரியுமா?

அடுத்த பொங்கல் விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போனபோது உன்னையும் கூட்டிப் போனாள். போகும்போது உன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாய். அந்த வருடங்களில் நம் ஊரில் குழாயில் தண்ணீர் வருவது எப்படி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வருகிற அன்றைக்கு வீட்டில் ஆள் இல்லையென்றால், அடுத்த முறை வரும்வரை லாரிக்குப் பின்னால் ஓட வேண்டியதுதான். நீ போன மறுநாளே தண்ணீர் வந்தது. என் வீட்டு டிரம்களை நிரப்பிவிட்டு ஓடி வந்து உன் குடங்களை நிரப்பினேன். அங்கே நீ கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். நான் உன் சமையலறையில் ஒல்லியாக ஒழுகுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தாய். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, கண் மட்டும் பளபளவென்று. ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. உப்பளத்துக்கு அந்தப் பக்கம் சதுப்பில் ஆயிரமாயிரமாகப் பறவைகள், எங்கெங்கோ குளிர் நாட்டிலிருந்து வந்து இறங்கியிருக்கின்றன, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, மான் குறுக்கே போகிறது, யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் மேய்கின்றன என்று. எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியில் ஒன்று சொன்னாய்: "அவுங்க அம்மா ஒரு மீன்குழம்பு வச்சாங்க பாரு. நாலு துண்டு தின்னேன்."

இத்தனை வருடம் என் வீட்டில் மீன் தொடாதவள்!

"நம்மூருக்கு வர்ற மீனு செத்து எம்புட்டு நாளோ. அங்க அப்பப் புடிச்சதுடி" என்றாய், சமாதானம் சொல்வதுபோல. மீன் செத்த கணக்கு எனக்கு எதற்கு? நீ தின்ற கணக்குதான் எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்கள் இரண்டு பேரும் கிளம்பினீர்கள். பள்ளியிலும் உங்களுக்கென்று ஒரு பாஷை வந்துவிட்டது, எல்லாம் அங்கே பார்த்த பறவைகளின் பெயர். கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்காருகிற தலைமையாசிரியை உங்களுக்குக் கூழைக்கடா. குடுகுடுவென்று வராண்டாவில் ஓடுகிற தையல் டீச்சர் உள்ளான். நூலகத்தில் எதையாவது துழாவிக்கொண்டே இருக்கிற அம்மாவுக்குக் கரண்டிவாயன் என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் நீ ஒரு பெயரைச் சொல்வாய், அவள் டிபன் பாக்ஸில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாள். நானும் தெரிந்ததுபோலச் சிரித்து வைப்பேன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன், "எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"ஒனக்கு ஒண்ணும் வைக்கலயே" என்றாய்.

அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அவள் உன்னை அக்கா என்றாள். என்னை டீச்சர் என்றாள்.

மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, நானும் வருகிறேன் என்று நின்றேன். "வேணாண்டி. அங்க நடக்கணும். கோயிலுக்குப் போகவே ரிக்ஷா தேடுற ஆளு நீ" என்றாய். அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? பிள்ளைகளை என் தங்கை வீட்டில் விட்டேன். என் வீட்டுக்காரர் பஸ் ஏற்றிவிட வந்து, "அங்க போயாச்சும் சண்டை போடாம இரு" என்றார். திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறி, இடுப்பு கழன்று, சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ஸ்டெல்லாவின் அம்மா எனக்கும் மீன்குழம்பு ஊற்றினார். என் நேரம், அது நிஜமாகவே நன்றாக இருந்தது.

மறுநாள் விடியும்போது மூன்று பேரும் கோடியக்கரைக் காட்டுக்குள் நடக்க ஆரம்பித்தோம். அவள் முன்னால், நீ நடுவில், நான் பின்னால். நான் புதுச் செருப்பு போட்டிருந்தேன். தோளில் ஒரு பெரிய தண்ணீர் கேன். நம் ஊர்க்காரிக்குத் தண்ணீர் இல்லாமல் வாசல்படி தாண்ட வராதே. கையில் புளிச்சோற்றுத் தூக்கு. பாதை முழுக்கப் பொடிமணல், ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னுக்கு இழுத்தது. நீங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை. அவள் கையைத் தூக்கினால் நீ நின்றாய். நீ விரலை நீட்டினால் அவள் குனிந்து பார்த்தாள். புருஷன் பெண்டாட்டிகூட அப்படி ஒற்றுமையாக நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு வெளிமான், கொம்பு முறுக்கிக்கொண்டு நின்றது. அழகுதான். எனக்கு உங்கள் முதுகுதான் தெரிந்தது.

காடு முடிந்து வெளிக்கு வந்ததும் தூரத்தில் வெள்ளை வெள்ளையாகக் கூட்டம் தெரிந்தது. விடுவேனா? "அதோ! எம்புட்டுப் பறவை!" என்றேன்.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். "டீச்சர், அது உப்புக் குமிச்சு வச்சிருக்காங்க."

நீயும் சிரித்தாய். அவள் சிரித்தது வலிக்கவில்லை. நீ அவளோடு சேர்ந்து சிரித்ததுதான் வலித்தது. இனி இந்த ஊரில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவுசெய்தேன்.

சதுப்பின் ஓரத்தில் ஒரு வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் உட்காரச் சொன்னீர்கள். உண்மையான பறவைகள் அங்கே இருந்தன, பூநாரைகள். தூரத்தில் ஒரு கோடு மாதிரி. அசையாமல் இருந்தால் மேய்ந்துகொண்டே கிட்டத்தில் வரும் என்றாய். இருந்தோம். கால் மரத்துப்போனது. எறும்பு கடித்தது. ஒரு பைனாகுலரை நீயும் அவளும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டீர்கள், சொல்லாமலே, கை நீட்டாமலே. எனக்கும் ஒருமுறை கொடுத்தாய். என் கண்ணாடியோடு அது ஒத்துவரவில்லை. நான் பார்க்காமலேயே, பார்த்துவிட்டேன் என்று திருப்பிக் கொடுத்தேன்.

மெல்ல மெல்ல வந்தன. தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு, நீளக் காலை எடுத்து எடுத்து வைத்து, இவ்வளவு கூட்டம் இவ்வளவு அமைதியாக வருமா என்று இருந்தது. வெள்ளைதானே, இதற்கா இந்தப் பாடு என்று நினைத்தேன். அப்போது அதில் ஒன்று சோம்பல் முறிப்பதுபோல ஒரு இறக்கையை விரித்தது. உள்ளே பூராவும் சிவப்பு. அப்படி ஒரு சிவப்பை நான் எதிர்பார்க்கவே இல்லை. உனக்குத் தெரியும், காலைக் கூட்டத்தில் மைக் இல்லாமல் மைதானம் முழுவதையும் அடக்குகிற குரல் என்னுடையது. அந்தக் குரலில், என்னை மறந்து, "ஏண்டி, அங்க பாருடி!" என்று கத்திவிட்டேன்.

அவ்வளவுதான். அத்தனையும் ஒருசேர எழும்பின. தண்ணீர் அறைபட்ட சத்தம், அதன்மேல் இறக்கைச் சத்தம், வானம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும். நம் தலைக்கு மேலே ஒரு வளையம் போட்டுவிட்டுக் கடல் பக்கம் போய்விட்டன. சதுப்பு காலியாகிவிட்டது.

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க? இனிமே இன்னைக்கு வராது" என்றாள் ஸ்டெல்லா. அழுதுவிடுவாள்போல இருந்தாள். நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ சேற்றிலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்க. "வருசா வருசம் வாரேன். அது நிக்கிறதத்தான் பாத்திருக்கேன். அம்புட்டும் பறந்து இன்னைக்குத்தாண்டி பாக்குறேன்" என்றாய்.

"டீச்சர்தான் ஆள்காட்டி" என்று முனகினாள் அவள். ஆளைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுகிற அந்தக் குருவியின் பெயர். கோபமாகத்தான் சொன்னாள். எனக்கோ, பெயர் வைத்துவிட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. சாயங்காலம் கலங்கரை விளக்கத்திலிருந்து கடலோரமாக நடந்தபோது நான் நடுவில் நடந்தேன். யாரும் சொல்லாமலே வந்து நடுவில் நின்றுகொண்டேன்.

ஆனால் அடுத்த பொங்கலுக்கு, "இந்தத் தடவை நீ வேணாம்" என்றாய். பறவை பறந்துவிடும் என்று காரணம் சொன்னாய். நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். நீயும் விடவில்லை. தெருவே கேட்டது. மறுநாள் வழக்கம்போலச் சாவியைக் கொடுத்துவிட்டு அவளோடு கிளம்பினாய். நான் வழக்கம்போல உன் குடங்களை நிரப்பினேன், ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு திட்டு.

அதே வருடம், ஈஸ்டர் முடிந்த வாரம். உன் சமையலறையில் நீ கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். காய் விலை சொல்வதுபோலச் சொன்னாய்: "வயித்துல கட்டியாம். மதுரையில பாத்தாச்சு. முத்திருச்சுன்னுட்டாங்க."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கடைசியில் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. "வேற யாருக்குத் தெரியும்?"

"ஸ்டெல்லாவுக்கு."

"எப்பத்துல இருந்து?"

நீ கத்தியைக் கீழே வைத்தாய். "பொங்கல்ல இருந்து. அங்க வச்சுச் சொன்னேன், கடக்கரையில."

பொங்கலிலிருந்து ஈஸ்டர் வரை. அத்தனை நாள் அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரியாத அந்த ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். நான் எழுந்து வந்துவிட்டேன். தண்ணீர் வந்த அன்றுதான் திரும்பி வந்தேன், குடத்தை யார் தூக்குவது என்று.

அதற்குப் பிறகு உனக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கஞ்சி வைத்தேன், தலை வாரிவிட்டேன், மதுரைக்குக் கூட வந்தேன். நீ என்ன சொன்னாலும் சரி என்றேன். கஞ்சியில் உப்பு இல்லை என்றால், ஆமாம் என்று போட்டுக்கொண்டு வந்தேன். ஒருநாள் நீ படுத்தபடியே, "கணக்கெல்லாம் ஒரு பாடமா? அது எவனுக்கு ஒதவுது?" என்றாய். இருபது வருடத்துச் சண்டை அது. நீ ஆரம்பித்தால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். அன்று, "அதுவும் சரிதாண்டி" என்று சொல்லி உன் காலைப் பிடித்துவிட்டேன். நீ என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். மழை தொடங்குவதற்கு முன்னால் நீ போய்விட்டாய்.

ஸ்டெல்லாவுக்குப் போன மாதம் அவள் ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைத்துவிட்டது. சொல்லிக்கொண்டு போக என் வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கிறவரை காத்திருந்து, நேருக்கு நேராகக் கேட்டேன், "ஏன் ஒங்கிட்டச் சொன்னா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நானும் அக்காகிட்ட அதத்தான் கேட்டேன் டீச்சர். மொதல்ல டீச்சர்கிட்டச் சொல்லுங்கன்னேன். வேணான்னுட்டாங்க. 'அவகிட்டச் சொன்னா மறுநாள்ல இருந்து சண்டைய நிறுத்திருவா. அவ எங்கூடச் சண்டை போடலைன்னா நான் அன்னைக்கே செத்த மாதிரி. நான் இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போறேன்'னு சொன்னாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதன்முறையாக என்னிடம் கோபமாகப் பேசினாள்: "எங்கிட்டச் சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் மாறாது டீச்சர். அதனாலதான் எங்கிட்டச் சொன்னாங்க. எனக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நீங்க நெனச்சுப் பாத்தீங்களா?"

இல்லை, நினைத்துப் பார்க்கவில்லை. அவள் போன பிறகுதான் புரிந்தது. அவளுக்கு என் மேல் அவ்வளவு பொறாமை இருந்திருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஆனால் இதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. ஈஸ்டர் வரை காப்பாற்றியவள் அதற்குப் பிறகு ஏன் சொன்னாய்? சொன்னதும் சொன்னாய், "சண்டையை நிறுத்தாதடி" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வதற்கு என்ன கேடு? நான் கஞ்சியில் உப்பு சரியாகத்தான் போட்டிருந்தேன். கணக்கு ஒரு பாடமா என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, உட்காரவைத்துச் சொல்லுவேன். என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி முடிவெடுக்க நீ யார்? இதையெல்லாம் தினமும் உன்னோடு பேசிக்கொண்டுதான் சமையல் செய்கிறேன். "யார்கூட இம்புட்டுச் சத்தம்?" என்று என் வீட்டுக்காரர் முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார்.

இன்று காலைப் பூசை உனக்காக ஒப்புக்கொடுத்தது. நீ எங்கள் கோயில் ஆள் இல்லைதான். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. உன் ஆத்துமா இளைப்பாறட்டும் என்று அவர் வேண்டியபோது எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. அதற்குள் உனக்கு என்னடி இளைப்பாறல்? எழுந்து உட்கார். எனக்குப் பதில் சொல்.